மலையைக் காணோம்

அத்தியாயம் 6

கேப்டன் கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “போயிடுங்க.”

பஞ்சருக்கு இது பழகிப்போன வரவேற்பு. மேடத்தோடு இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் பதினைந்து வருஷம் டாக்ஸி ஓட்டியவன் அவன். யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நடுவில் ஒரு வார்த்தையைக் குத்திக் காற்றை இறக்கிவிடுவான் என்பதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

“போறோம் சார். மூணு மாடி ஏறி வந்திருக்கோம். தண்ணி குடிச்சிட்டுப் போறோம்” என்றான்.

அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மேடம், அனுமதிக்குக் காத்திராமல் உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் விபத்துகளை விசாரித்தவள். ‘போயிடுங்க’ என்பவரிடம்தான் விஷயம் இருக்கும் என்பது அவள் அனுபவம்.

அழைக்காமலே கேப்டனின் மகள் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா பக்கம் திரும்பவில்லை. செருப்பு அலமாரியின் மேல் கேப்டனின் விமானப் பை பத்தொன்பது நாளாகப் பிரிக்கப்படாமல் கிடந்தது. அதே பத்தொன்பது நாளாக அவள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சாப்பாட்டை வைப்பாள், அறைக்குப் போய்விடுவாள்.

விஷயம் இதுதான். பத்தொன்பது நாளைக்கு முன், புதுப் பெயின்ட் அடித்து வந்த சரக்கு விமானத்தை அதன் முதல் பயணத்துக்கு எடுத்துக்கொண்டு போனார் கேப்டன். போன வழியில் ஒரு புயல் மேகத்துக்குள் நேராக நுழைந்துவிட்டார். ஆலங்கட்டி அடித்ததில் விமானத்தின் மூக்கு சிதறி, துண்டுகள் வலதுபக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. வலதுபக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானி அவருடைய மருமகன். கேப்டன் ஒற்றை ஆளாக விமானத்தைத் தரையிறக்கினார். பின்னால் இருந்த மருந்துப் பெட்டிகளில் ஒன்றுகூட நசுங்கவில்லை. மருமகன் மட்டும் பிழைக்கவில்லை.

விமானத்தின் ரேடார் பெட்டியைக் கழற்றிச் சோதித்த விசாரணைக் குழு, அது நூற்றுக்கு நூறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது. ரேடார் நன்றாக இருந்தால் புயல் திரையில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் போனார் என்றால் தப்பு கேப்டனுடையது. இன்று மூன்று மணிக்கு அவர் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறார். அதோடு கோப்பு மூடப்படும், அவர்மேல் வழக்கு திறக்கப்படும்.

மகள் போன வாரம் மேடத்தின் ஆபீசுக்கு வந்து, புருஷன் கடைசியாக அனுப்பியிருந்த குரல் செய்திகளை எல்லாம் போனில் போட்டுக் காட்டி அழுதாள். ‘சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன்’ என்பது மாதிரி சாதாரணச் செய்திகள்தான். கடைசியில், “எங்கப்பா என் புருஷனைக் கொன்னாரா இல்லையா? எதுவா இருந்தாலும் பரவால்ல, எனக்கு உண்மை தெரியணும்” என்றாள். மேடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

“முதல் நாள் வாக்குமூலத்துல திரை கறுப்பா இருந்துச்சுன்னு சொன்னீங்க” என்றாள் மேடம். “மூணாவது நாள், ‘நான் சரியா பாக்கல’ன்னு மாத்திட்டீங்க. ரெண்டாவது நாள் என்ன சார் ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. ஆஸ்பத்திரியில படுத்து யோசிச்சேன். என் தப்புன்னு புரிஞ்சுது.”

“ஆஸ்பத்திரியில யாராவது வந்து பார்த்தாங்களா?”

“நர்ஸ் வந்தா. கையில குத்தியிருந்ததெல்லாம் எடுத்தா. போதுமா?”

சொல்லும்போது அவர் கை சட்டைப் பைக்குப் போய், அங்கே எதையோ தொட்டுவிட்டுத் திரும்பியது. மாத்திரையாக இருக்கும் என்று பஞ்சர் நினைத்தான்.

“நான்தான் பண்ணேன். எத்தனை தடவை சொல்றது?” கேப்டனின் குரல் உடைந்தது. “என்னை விட்டுடுங்கம்மா.”

சமையலறை வாசலில் மகள் ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது. மேடம் எழுந்துகொண்டாள். மணி பத்தரை.

* * *

காரில் ஏறியதும் மேடம் விமானி அறையின் ஒலிப்பதிவை எழுத்தில் எடுத்த காகிதங்களை மடியில் பரப்பிக்கொண்டாள்.

“ஆறாவது தடவை படிக்கிறீங்க மேடம். பரீட்சையா எழுதப் போறீங்க?”

“ஓட்டு. காதை மட்டும் இங்க வை.” அவள் வாசித்தாள். “மருமகன் சொல்றான், ‘மாமா, மலையக் காணோம்.’ அதுக்கு கேப்டன், ‘டியூட்டியில மாமா கிடையாது, சார்.’ மறுபடி அவன், ‘சார், மலையக் காணோம் சார்.’ ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. ‘எங்க போயிருக்கும், லீவு போட்டிருக்கும். திரை முழுக்கக் கறுப்பாத்தான் இருக்கு பாரு, அப்படியே போயிடலாம்’ங்கிறார் கேப்டன்.”

“மாமனும் மருமகனும் நல்லாத்தான் பேசிக்கிட்டாங்க” என்றான் பஞ்சர். அதற்கு மேல் நக்கல் வரவில்லை. அந்தச் சிரிப்புக்கு நாலு நிமிஷம் கழித்து மருமகன் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

“விசாரணைக்காரங்க ஓரத்துல ‘வேடிக்கைப் பேச்சு’ன்னு எழுதி அடிக்கோடு போட்டிருக்காங்க. பஞ்சர், எந்த மலை இது?”

“ஏர்போர்ட்டுக்கு வடக்க ஒண்ணுதான் இருக்கு. அதோ, உங்க பக்கத்து ஜன்னல்ல பாருங்க. லீவெல்லாம் போடல.”

மேடம் பார்த்தாள். ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால் மொட்டையாக, பெரிதாக, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

“மழை வரும், போகும். மேகம் கலையும். மலை எங்கடா போகும்?” என்றாள். “வண்டியை ஹேங்கருக்கு விடு.”

* * *

விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரின் சூப்பர்வைசர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வேலை பற்றிக் கேட்டால் வாய் வலிக்கிற வரை சொல்லக்கூடிய ரகம். மூக்கைத் திறந்துவைத்திருந்த வேறொரு விமானத்தின் முன்னால் இருவரையும் கொண்டுபோய் நிறுத்தினார். மூக்கு, கார் பானெட் மாதிரி மேலே தூக்கியிருந்தது. உள்ளே பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு தட்டு நட்டுக்குத்தலாக நின்றது.

“இதுதான் ரேடாரோட வாயும் காதும். இடதும் வலதுமா தலையாட்டிக்கிட்டே அலையை அனுப்பும். எதிர்ல மழை இருந்தா அதுல பட்டுத் திரும்பி வரும். லேசான மழைன்னா திரையில பச்சை, கனமா இருந்தா மஞ்சள். சிவப்புன்னா அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. ஒண்ணுமே திரும்பி வரலேன்னா கறுப்பு.”

“கறுப்புன்னா வழி காலி.”

“ஆமா.”

“மலை தெரியுமா?” என்றாள் மேடம்.

“மலையா? தட்டை லேசா கீழ சாய்ச்சா மலை, கடற்கரை, தீவு, கப்பல் எல்லாம் பளிச்சுனு தெரியும். கடல்ல காணாமப்போன படகைத் தேடற விமானத்துல இருக்கறதும் இதோட அண்ணன்தான். தம்பி ஒருத்தன் வயித்துக்கடியில இருக்கான், தரை எத்தனை அடி கீழ இருக்குன்னு அளந்து சொல்லுவான்.”

“பெரிய கூட்டுக் குடும்பமா இருக்கும் போல” என்றான் பஞ்சர்.

“அப்போ, கிளம்பின கொஞ்ச நேரத்துல வடக்கே இருக்கற அந்த மலை திரையில தெரியணும்?” மேடம் விடவில்லை.

“கட்டாயம் தெரியணும். எங்க பைலட்டுங்க அதைப் பார்த்துத்தான் ரேடார் ஒழுங்கா இருக்குன்னு நிச்சயம் பண்ணிக்குவாங்க.” சொல்லி முடித்த பிறகுதான் சூப்பர்வைசருக்கு என்ன கேள்வி என்று உறைத்தது. “அன்னிக்குத் தட்டு மேல பார்த்தபடி இருந்திருக்கலாம். பெட்டியில ஒரு குறையும் இல்லம்மா, நானே கூட நின்னு பார்த்தேன். கிளம்பறதுக்கு முன்னாடி தன்னைத்தானே சோதிச்சுக்கிட்டு ‘நல்லா இருக்கேன்’னுதான் காட்டியிருக்கு.”

மேடம் ஒலிப்பதிவுக் காகிதத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தூர வைத்துப் பார்த்தாள். மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“கண் டாக்டர்கிட்ட போய்ப் பிரயோஜனம் இல்ல மேடம்” என்றான் பஞ்சர். “கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாரு. முதல்ல கண்ணாடியைத் துடைங்க. விரல் ரேகை எல்லாம் அதுலதான் இருக்கு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“திரும்பச் சொல்லு.”

“கண்ணாடியைத் துடைங்கன்னேன். தப்பா?”

“கண்ணைச் சோதிச்சிருக்காங்க. கண்ணாடியை யாரும் சோதிக்கல.” மேலே தூக்கியிருந்த விமான மூக்கின் மேல் கையை வைத்தாள். “சார், இது எதுல செஞ்சது?”

“கண்ணாடி இழை. தேன்கூடு மாதிரி உள்ளே கட்டம் கட்டமா இருக்கும். காத்து அடிக்கறதைத் தாங்கணும், ஆனா அலை அதைக் கண்டுக்காம ஊடுருவிப் போகணும். உலோகம் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. பெயின்ட்டுகூட மெல்லிசா, அதுக்குன்னு வர்ற பெயின்ட் மட்டும்தான்.”

“அந்த விமானத்தோட மூக்கு எங்க?”

மூலையில் இரண்டு சாக்கு இருந்தன. சூப்பர்வைசர் ஒன்றைப் பிரித்துக் கொட்டினார். எல்லாத் துண்டும் வெள்ளை.

“பழைய வெள்ளைதாம்மா. கம்பெனிக்காரங்க புதுசா நீலம் அடிச்சது உடம்புக்கு மட்டும்தான். மூக்கைத் தொடவே இல்ல.”

பஞ்சர் குந்தி உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தான். டாக்ஸிக்காரனுக்குப் பெயின்ட் பார்த்தால் நகத்தை வைத்துச் சுரண்டாமல் இருக்க முடியாது. சுரண்டினான். வெள்ளை செதிலாகப் பெயர்ந்தது. அடியில் பளபளவென்று ஏதோ தெரிந்தது. கட்டைவிரலில் மீனைத் தொட்ட மாதிரி வெள்ளித்தூள் ஒட்டியிருந்தது.

“மேடம், இது வெள்ளி பெயின்ட். அலுமினியத் தூள் கலந்தது. என் பழைய வண்டி டோர்ல துருவை மறைக்க நானே அடிச்சிருக்கேன்.”

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. துண்டை வாங்கி உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக்கும் இழைக்கும் நடுவே தடிமனாக ஒரு வெள்ளிக் கோடு ஓடியது.

“ரேடார் முகத்துல தகரத்தை வச்சு மூடின மாதிரி” என்று முணுமுணுத்தார். “அலை வெளியவே போயிருக்காது. புயலும் தெரியாது, மலையும் தெரியாது. ஐயோ. அவங்க கறுப்புன்னு சொன்னது நிஜம்தான்.”

“பெயின்ட் முடிஞ்சு வந்ததும் மூக்கைச் சோதிக்கணும் இல்லையா?” என்றாள் மேடம்.

“சோதிக்கணும்.”

“சோதிச்சீங்களா?”

“மூக்கைத் தொடலைன்னு நெனச்சேன். பார்க்க அதே வெள்ளையாத்தான் இருந்துச்சு. சோதிச்சதா கையெழுத்து மட்டும் போட்டேன்.”

“யார் அடிச்சது?”

“எங்க வழக்கமான ஆளுங்க வரல. ஊருக்கு வெளிய பஸ் பாடி கட்டற ஷெட்டிலேர்ந்து ஒரு பெயின்டரை வரவழைச்சோம்.”

“அவர்கிட்ட என்ன அடிக்கணும்னு யார் சொன்னது?”

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். “ஆபீஸ்லேர்ந்து யாரோ போன்ல சொன்னாங்க. எனக்கு ஞாபகம் இல்ல.”

இத்தனை நேரம் ரேடாரின் அண்ணன் தம்பி வரைக்கும் ஞாபகம் வைத்துப் பேசிய ஆளுக்கு இது மட்டும் ஞாபகம் இல்லை என்றால், நம்பப் பஞ்சர் என்ன பச்சைக் குழந்தையா? ஆனால் மேடம் அவரை மேற்கொண்டு குடையவில்லை. துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, கையெழுத்து விஷயத்தை விசாரணைக் குழுவிடம் அவரே போய்ச் சொல்வதுதான் அவருக்கு நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

* * *

பஸ் ஷெட்டில் பெயின்டர் முழங்கை வரை மஞ்சளாக இருந்தார். ஐம்பது வயது. தான் பெயின்ட் அடித்த விமானத்துக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதற்கும் தனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கனவிலும் நினைத்திருக்கவில்லை.

“பாவம், சின்னப் பையன். ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன்” என்றார். “என் பெயின்ட் மட்டும் அத்தனை ஆலங்கட்டியிலயும் உரியலைன்னு சொன்னாங்க.”

“மூக்குக்கு என்ன அடிச்சீங்க?” என்றாள் மேடம்.

“அதுக்குத்தாங்க ரொம்பப் பாடுபட்டேன். பழைய ஒட்டுப் போட்ட தடம் கறுப்பா திட்டுத் திட்டா தெரிஞ்சுது. வெள்ளையை நேரா அடிச்சா மறையாது. மூணு கோட் வெள்ளி கொடுத்து, காயவச்சு, தேய்ச்சு, அதுக்கு மேல ரெண்டு கோட் வெள்ளை. கம்பெனி கொடுத்த படத்துலயும் மூக்கு வெள்ளைதான். பார்த்தா அங்க கை பட்டதே தெரியாது.”

“மூக்குக்கு அடிக்கச் சொன்னது யாரு?”

“போன்ல சொன்னாங்க. நான் எதையும் அழிக்க மாட்டேன், இருங்க.” கையைத் துணியில் துடைத்து, விரல் நுனியால் போனைத் தட்டினார்.

குரல் கேட்டது. பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம்.

“அண்ணே, உடம்பு முழுக்க நீலம். மூக்கை மறைச்சு அடிங்க. மறந்துடாதீங்க, மூக்கு முக்கியம்.”

அந்தக் குரல் பஞ்சருக்குத் தெரியும். போன வாரம் ஆபீசில் மகளின் போனிலிருந்து ‘சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன்’ என்று சொன்ன அதே குரல்.

“மேடம்...”

“தெரியுது.”

“விமானத்துக்குப் பெயின்ட் அடிச்ச அந்த வாரம் அவன் பறக்காம தரையில டியூட்டி பார்த்தான்னு அந்தப் பொண்ணு சொன்னாளே.”

மேடம் பக்கத்தில் கிடந்த பழைய பஸ் சீட்டில் உட்கார்ந்தாள். பஞ்சருக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. இரண்டாவது நாள் நர்ஸ் கேப்டனின் கையிலிருந்து எடுத்தது மூக்கின் துண்டு. அதில் வெள்ளியைப் பார்த்த நிமிஷமே, முப்பது வருஷம் விமானம் ஓட்டினவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருக்கும். பெயின்ட் வேலையைக் கவனித்தது யார் என்பதும் தெரியும். அதைத்தான் சட்டைப் பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். செத்துப்போன மருமகன்மேல் பழி விழக் கூடாது, மகள் மனசில் அவன் நல்லவனாகவே இருக்கட்டும் என்று மூன்றாவது நாள் வாக்குமூலத்தை மாற்றிவிட்டார். சூப்பர்வைசருக்கு ஞாபகம் இல்லாமல் போனதும் இதனால்தான்.

“அப்பாவைக் காப்பாத்தினா புருஷன் மாட்டிக்கிறான்” என்றான் பஞ்சர். “அழிச்சிடச் சொல்லலாமா மேடம்? நாம இங்க வரவே இல்லன்னு...”

“எதுவா இருந்தாலும் சொல்லுங்கன்னு கேட்டா. சரின்னு சொல்லிட்டேன்.”

“அவ தாங்க மாட்டா.”

“எனக்கு மட்டும் ஆசையா?” மேடம் அவன்மேல் எரிந்து விழுந்தாள். கண்ணாடியைக் கழற்றி, இந்தத் தடவை புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். மணி ஒன்றே முக்கால்.

“மூக்கு முக்கியம்கிறான்” என்றாள் மெதுவாக. “முக்கியம்னு தெரிஞ்சவன் எதுக்கு அதுல பெயின்ட் அடிக்கச் சொல்லணும்? இன்னொரு தடவை போடுங்க.”

பெயின்டர் போட்டார். ‘மூக்கு முக்கியம்’ என்றதும் இயந்திரச் சத்தம் பெரிதாகி, அதற்குள் ஏதோ முணுமுணுப்பு கேட்டு நின்றது.

“கடைசியில என்னவோ சொல்றான். பஞ்சர், உன் காதைக் கொடு.”

பதினைந்து வருஷம் ஹாரன் சத்தத்துக்கு நடுவே பின்சீட்டுக்காரர்கள் விலாசம் சொல்லக் கேட்ட காது அது. போனைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டான்.

“‘காஞ்சதும் பிரிச்சுடுங்க.’ அதான் சொல்றான்.”

“எதைப் பிரிக்கணும்?” மேடம் பெயின்டரைப் பார்த்தாள்.

“தார்ப்பாயைங்க. தூசி படாம சுத்திக் கட்டியிருந்தோமே, அதைச் சொல்றாருன்னு நெனச்சேன்.”

“உங்க ஷெட்ல, பஸ் ஜன்னல்ல பெயின்ட் படாம இருக்கப் பேப்பர் ஒட்டுவீங்களே, அதுக்கு என்ன சொல்லுவீங்க?”

“பேப்பர் ஒட்டுன்னுதான் சொல்லுவோம்.”

“மறைச்சு அடின்னா?”

“பழசு கண்ணுல படாம, அழுத்தமா நாலு கோட் கொடுன்னு அர்த்தம்.”

மேடம் ஹேங்கருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். “சார், ஒரே கேள்வி. உங்க ஹேங்கர்ல ‘மூக்கை மறைச்சு அடி’ன்னா என்ன அர்த்தம்?”

“மூக்குல பெயின்ட் படாம பேப்பர் சுத்தி மறைச்சுட்டு, மத்த இடத்துல அடின்னு அர்த்தம்” என்றது சூப்பர்வைசரின் குரல். “அடிச்சது காஞ்சதும் பேப்பரைப் பிரிச்சுடுவோம். ஏம்மா?”

மேடம் போனை வைத்தாள். பெயின்டர் தன் மஞ்சள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தம்பி தொடாதேன்னு சொல்லியிருக்கு” என்றார். “நான் அடிச்சிருக்கேன். அஞ்சு கோட்.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான்தாங்க கொன்னுட்டேன்.”

“உங்க தப்பைப் பிடிக்கறதுக்குன்னு ஒரு சோதனை இருந்துச்சு. அதைச் செய்யாம கையெழுத்துப் போட்டுட்டாங்க” என்றாள் மேடம். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

“நானும் வரேன்” என்று எழுந்தார். “போனும் வரட்டும், நானும் வரேன்.”

* * *

விசாரணை அலுவலகத்தின் நீண்ட நடையில் ஒரு மர பெஞ்சு. அதன் ஒரு கோடியில் கேப்டன், சலவைச் சட்டையில், மூடி திறந்த பேனாவைக் கையில் பிடித்தபடி. வழியிலேயே மேடம் போன் செய்து வரச்சொன்னதால் மகளும் வந்திருந்தாள். அவள் பெஞ்சின் மறுகோடியில் இருந்தாள். நடுவில் நாலு பேர் உட்காரலாம். மூன்று மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம்.

“நான் போயிடுங்கன்னு சொன்னேன்” என்றார் கேப்டன். பின்னால் நின்ற பெயின்டரையும் மேடத்தின் கையிலிருந்த வெள்ளித் துண்டையும் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. “வேணாம்மா. அவ முன்னாடி வேணாம். கை எடுத்துக் கும்பிடறேன்.”

“நீங்க பாதிதான் கண்டுபிடிச்சீங்க சார்” என்றாள் மேடம். “மீதியையும் கேளுங்க.”

மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, விமானத்தில் இருவரும் மலையைப் பற்றிப் பேசியதையும், வெள்ளித் துண்டு என்ன செய்தது என்பதையும், ஷெட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், ஹேங்கரில் என்ன அர்த்தம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு போனை அவள் கையில் கொடுத்தாள். புருஷனின் குரல் வந்ததும் மகள் இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மூக்கை மறைச்சு அடிங்க... காஞ்சதும் பிரிச்சுடுங்க.” இப்போது தெரிந்து கேட்டதால் எல்லோருக்குமே தெளிவாகக் கேட்டது.

கேப்டன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னத் துண்டை எடுத்தார். ஒரு நகம் அளவுதான் இருக்கும். அதையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவன் சரியாத்தான் சொல்லியிருக்கானா?” என்றார். “நான் அவனைச் சந்தேகப்பட்டுட்டேனே. பத்தொன்பது நாளா மனசுக்குள்ள அவனைத் திட்டிக்கிட்டே...”

மகள் எழுந்தாள். பெஞ்சின் அந்தக் கோடிக்கு நடந்துபோய் அப்பாவின் முன்னால் நின்றாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

“அவர் மறைக்கச் சொன்னது மூக்கை மட்டும்தான்பா. நீங்க ஏம்பா எல்லாத்தையும் மறைச்சீங்க?”

அவள் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயின்டர் சுவரோடு ஒட்டி நின்று குலுங்கினார். இப்படி ஒரு நேரத்தில் எதையாவது சொல்லி மனதை லேசாக்குவதுதான் பஞ்சரின் வேலை. அன்று அவன் பெயின்டரிடம் கைக்குட்டையை மட்டும் நீட்டினான்.

உள்ளேயிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்துக் கேப்டனைக் கூப்பிட்டார். மேடம் துண்டுகளை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். கேப்டன் எழுந்திருக்கப் பார்த்தபோது மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மலையக் காணோம்னு சொன்னப்போ,” என்றாள், “அவர் சிரிச்சாரா?”

“சிரிச்சான்மா” என்றார் கேப்டன். “அந்த மலை தெரியலைங்கறது ஒண்ணுதான் எங்களைக் காப்பாத்தியிருக்கும். அதைப் போய் ரெண்டு பேரும் சிரிச்சுத் தள்ளிட்டோம்.”